கிராமப் பள்ளியில் போதனையைச் சீர்தூக்கிப் பார்க்கும் முறை

கிராமாந்தரங்களில் கூட்டுறவு நாணயச் சங்கங்களின் கடன் பத்திரங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் சென்ற அங்கத்தினர்களிலும் சிலர் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகையே வைக்கின்றனர். வேறு சிலர் தம் பெயரை மட்டும் சித்திரம் வரைவதுபோல் எழுதிவிட்டு, பத்திரத்திற் கண்ட வட்டியையும் தவணையையும் பிறரைக் கொண்டே தெரிந்துகொள்கின்றனர். இவர்களுடைய பெயர்கள் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்து ஆஜர்ப்பட்டியில் இருந்தன. வருஷந்தோறும் வகுப்பேற்றமும் நடந்தது. பாடங்கள் முடிந்ததாகக் குறிப்பும் எழுதப்பட்டது. ஆயினும் கல்வி மட்டும் கைக்கு வந்து சேரவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டமும் போதனா முறையும் பலன் தருகின்றனவா என்பதை அப்பள்ளியின் தலைமை உபாத்தியாயர் எவ்வாறு அறிவது, அறிந்தபின் என் செய்வது என்பவற்றைக் கிராமத்தார்க்கும் உபாத்தியாயர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வேறு பொருள்கள்

பாடத்திட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று பொருள்களாகும். முதலாவது, ஏட்டில் எழுதப்பட்ட திட்டம். இன்ன வகுப்பில் இன்னது கற்பிக்க வேண்டும் என்பது. இரண்டாவது, வகுப்பறையில் நிஜமாகக் கற்பிக்கப்படுவது. மூன்றாவது, பிள்ளைகள் கற்றுக்கொள்வது. இம்மூன்றும் ஒன்றென எண்ணுவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஏட்டில் கழித்தற் கணக்கு உண்டு. உபாத்தியாயர் கரும்பலகையில் அதைப் போட்டும் காட்டினார். ஆனால் பின்வரிசைப் பிள்ளைக்குப் பத்தின் இடமும் ஒன்றின் இடமும் இன்னும் விளங்கவில்லை. முதல் இரண்டையும் பார்த்துத் திருப்தியடைபவர் மூன்றாவதைக் காணமாட்டார்.

ஒரு நாணயச் சங்கத்தில் தவணை தப்பிய பாக்கியைப் புதுக்கடனாக எழுதி, பழைய கடன் வசூலாகிவிட்டதாகக் காட்டுவதுண்டு. புஸ்தகம் அப்பழுக்கின்றி இருக்கும், பணமோ வந்திராது. படிக்கத் தெரியாத பிள்ளையை அந்த நிலையிலேயே அடுத்த வகுப்புக்கு அனுப்பி, அங்கே அவனுக்கென்று ஒன்றும் செய்யாது விடுவதும் இத்தகைய புஸ்தகச் சரிக்கட்டே. பாக்கி பெருகும், ஒருநாள் அது வசூலாகாக் கடனாகிவிடும்.

முற்கால அனுபவங்கள்

சென்னை மாகாணத்தில் கல்வியின் நிலையை அறியும் பொருட்டு 1822-ஆம் வருஷம் கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஜில்லாக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். அக்காலத்துக்கு அது அரிய முயற்சியே. ஆயினும் பள்ளிகளையும் தலைகளையும் எண்ணிய கணக்கே அது. ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றது என்பது அதில் இடம்பெறவில்லை.

இதற்கு நேர் எதிரான முறையொன்று 1862-இல் இங்கிலாந்தில் வந்தது. இன்ஸ்பெக்டர் வருஷத்திற்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பரீக்ஷிப்பார். ஒன்றில் தவறினால் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். பரீக்ஷைப் பலனுக்கேற்ற மானியம் என்னும் இம்முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்திலும் கைக்கொள்ளப்பட்டது. விளைவு யாதெனில், உபாத்தியாயர்கள் பரீக்ஷைக்கு வருவதை மட்டும் உருவேற்றினர், மற்றவை ஒதுங்கின. பள்ளி இன்ஸ்பெக்டராகவும் கவியாகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு இதைப் பலமாகக் கண்டித்தார். இங்கிலாந்தில் 1890-களில் இம்முறை கைவிடப்பட்டது. பிள்ளையின் கல்வியை அளப்பது நன்று. அளவுகோலை உபாத்தியாயரின் ஜீவனத்தோடு முடிச்சுப் போடுவது தீது என்பது இதனாற் பெற்ற பாடம்.

1929-இல் ஹார்டாக் கமிட்டி மற்றொரு குறையை வெளிப்படுத்தியது. 1922-23-இல் முதல் வகுப்பிலிருந்த ஒவ்வொரு 100 பிள்ளைகளுக்கும் 1925-26-இல் நாலாம் வகுப்பில் 18 பேரே இருந்தனர். நடுவே நின்றவர்களும் ஒரே வகுப்பில் தேங்கியவர்களும் எஞ்சியோர். நாலாம் வகுப்பை மட்டும் பார்த்த தலைமை உபாத்தியாயர் பள்ளி நன்றாக நடக்கிறது என்றே எண்ணியிருப்பார். அங்கே இல்லாத பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

பிற்கால ஆராய்ச்சிகள் கூறுவன

1950-க்குப் பின் பள்ளிகள் பெருகின. மதிய உணவு வந்தது. பிள்ளைகளின் சேர்க்கை உயர்ந்தது. அதன்பின் கேள்வி, சேர்ந்த பிள்ளை கற்கிறதா என்பதாயிற்று. 2005-ஆம் வருஷம் முதல் பிரதம் என்னும் ஸ்தாபனத்தார் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ‘அசர்’ என்னும் கணிப்பை நடத்திவருகின்றனர். அவர்கள் முறை மிக எளியது. பிள்ளையைத் தனியே அமர்த்தி, எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை ஆகிய நான்கில் எதுவரை படிக்கிறது என்று பார்க்கின்றனர். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலாத பிள்ளைகள் ஏராளம் என்பதை நாடறியச் செய்தது இச்சிறு சோதனையே.

ஹரியானா மாநிலத்தில் 2010-களின் தொடக்கத்தில் இரண்டு முறைகள் ஒத்துப் பார்க்கப்பட்டன. ஒன்று, பரீக்ஷைக்குப் பதிலாக வருஷம் முழுவதும் பிள்ளையின் வளர்ச்சியைப் பதிவு செய்யும் தொடர் மதிப்பீடு. மற்றொன்று, நாள்தோறும் குறித்த நேரம் பிள்ளைகளை வகுப்புப்படி அன்றி, வாசிக்கும் திறமைப்படி குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தல். பதிவு செய்யும் முறையால் கல்வியில் முன்னேற்றம் காணப்படவில்லை. குழுவாகப் பிரித்துக் கற்பித்த பள்ளிகளில் ஹிந்தி வாசிப்பு முன்னேறியது.

மத்தியப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே பள்ளிகளை விரிவான முறையில் மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் அபிவிருத்தித் திட்டம் எழுதச் செய்தனர். மதிப்பீடும் நடந்தது, திட்டமும் எழுதப்பட்டது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சென்று பார்த்தபோது, உபாத்தியாயர் வருகையிலோ, போதனையிலோ, பிள்ளைகளின் கல்வியிலோ மாறுதல் காணவில்லை. அப்படியிருந்தும் அத்திட்டம் வெற்றியெனக் கருதப்பட்டு விரிவாக்கப்பட்டது. காகித வேலை ஒழுங்காக முடிவதை வேலை முடிவதாக எண்ணும் வழக்கம் எத்துணை வலியது என்பதற்கு இது சாக்ஷி.

தமிழ்நாட்டிலும் அனுபவம் உண்டு. ரிஷி வாலியில் வளர்ந்த முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறுவது அதன் கொள்கை. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரிக்கப்பட்டனர். இவ்விரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பிள்ளை எங்கு நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குக என்பது.

தலைமை உபாத்தியாயர் செய்யத்தக்கவை

பல கிராமப் பள்ளிகளில் தலைமை உபாத்தியாயரும் ஒரு வகுப்பை, சில சமயம் இரண்டு மூன்று வகுப்புகளை, நடத்துபவரே. அவருக்கு ஏற்கெனவே பதிவேடுகள் பல. ஆகவே மேற்கொள்ளும் முறை சிறியதாயும் செய்யக்கூடியதாயும் இருத்தல் அவசியம்.

1. கேள்வியை முதலில் தீர்மானித்தல்: ‘நம் பள்ளி நல்ல பள்ளியா?’ என்று கேட்டால் விடை வராது. ‘மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்துப் பொருள் சொல்கின்றனர்?’ என்று கேட்டால் வரும். ஒரு பருவத்துக்கு இத்தகைய ஒன்றிரண்டு கேள்விகள் போதும்.

2. பிள்ளையைத் தனித்தனியே கேட்டல்: வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒப்பிக்கும்போது, தெரியாத பிள்ளையின் வாயும் அசையும். தனியே கேட்டால்தான் தெரியும். ஒரு பிள்ளைக்கு 5 நிமிஷம் வைத்தால் 60 பிள்ளைகளுக்கு 5 மணி நேரம். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக முடித்துவிடலாம். பாடப் புஸ்தகத்தில் இல்லாத பத்தியையே கொடுத்தல் வேண்டும். இல்லையேல் மனப்பாடமே பரீக்ஷிக்கப்படும். கணக்கிலும் இவ்வாறே: எண்ணை அறிதல், இரண்டு இலக்கக் கழித்தல், வகுத்தல் எனப் படிப்படியாகக் கேட்கலாம்.

3. வகுப்பில் அமர்ந்து பார்த்தல்: பார்ப்பவர் முன்னே நிற்காமல் பின்வரிசையில் அமர்தல் நலம். உபாத்தியாயினி பேசியது எவ்வளவு என்பதினும், எத்தனை பிள்ளைகள் வாய்திறந்தனர், எந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எதிரில் குறை கூறலாகாது. வகுப்பு முடிந்தபின் தனியே அமர்ந்து, முதலில் நன்றாக நடந்ததைச் சொல்லி, மாற்றத்தக்க ஒன்றை மட்டும் பேசுதல் தகும்.

4. நோட்டுப் புஸ்தகங்களைப் பார்த்தல்: நன்றாகப் படிக்கும் பிள்ளையின் புஸ்தகத்தையே காட்டும் வழக்கம் எங்கும் உண்டு. ஆஜர்ப்பட்டியில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது பெயர் என்று எடுத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். எல்லாப் புஸ்தகத்திலும் ஒரே விடை ஒரே சொற்களில் இருந்தால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதியதேயன்றிப் பிள்ளையின் சொந்த விடையன்று.

5. காலக் கணக்கு: 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்புவரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 போதனை மணிகளும் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 20 நிமிஷம் வீணானால் வருஷத்தில் 66 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அது 16 பள்ளி நாட்களுக்கு மேலாகும். பாடம் முடியவில்லை என்று திட்டத்தைக் குறைகூறுமுன் இக்கணக்கைப் பார்த்தல் நியாயம்.

6. திட்டத்தையே சோதித்தல்: புதுப்பாடம் முன் பாடத்தின்மேல் நிற்கிறதா? ஒரு பாடத்துக்குக் கொடுத்த நாட்கள் போதுமா? புஸ்தகத்துச் சொற்கள் பிள்ளையின் வீட்டுப் பேச்சுக்கு வெகுதூரமா? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருளரின் மொழியோ பேசும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? கற்ற கணக்கு, நிலத்தை அளக்கவும், நெல்லை நிறுக்கவும், பற்று வரவுப் புஸ்தகத்தைப் படிக்கவும் உதவுமா? பாடப் புஸ்தகத்தை மாற்றத் தலைமை உபாத்தியாயருக்கு அதிகாரமில்லை. ஆனால் வேகத்தைக் குறைக்கவும், பழைய பாடத்துக்குத் திரும்பவும், துணைப் பயிற்சி சேர்க்கவும், கண்ட குறையை மேலதிகாரிகளுக்கு எழுதவும் அவரால் இயலும்.

ஓர் உதாரணம்

மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே கேட்டதில், எழுத்தும் அறியாதவர் 3, எழுத்து மட்டும் அறிந்தவர் 6, சொல் வாசிப்பவர் 5, பத்தி வாசிப்பவர் 6, கதை வாசிப்பவர் 4 என்று தெரிகிறது. பாடக்குறிப்பின்படி வகுப்பு மூன்றாம் பாடத்தை முடித்துவிட்டது. ஆனால் பத்தி வாசிக்கவே இயலாத 14 பேருக்கு அப்பாடம் எவ்விதத்திலும் எட்டியிராது. பாடம் வேகமாகப் போகிறது என்பதும், யாருக்கு வேகம் என்பதும் இங்கே தெளிவாகின்றன.

தலைமை உபாத்தியாயர் ஒரேயொரு மாறுதல் செய்கிறார்: மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் காலையில் ஒரு மணி நேரம் ஒன்றாக்கி, வாசிக்கும் நிலைப்படி குழுக்களாகப் பிரிக்கிறார். எட்டு வாரம் சென்றபின் வேறு பத்திகளைக் கொண்டு மீண்டும் கேட்கிறார். மூன்றாம் வகுப்பில் முன்பு சொல் வாசிக்காத 9 பேரில் 5 பேர் இப்போது வாசிக்கின்றனர். 4 பேர் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். ஆஜர்ப்பட்டியைப் பார்த்தால், அந்நால்வரில் 3 பேர் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. இரண்டு பெண்கள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றனர், ஒருவன் ஆடு மேய்க்கிறான். நாலாவது பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை. இந்நால்வர்க்கும் இனிப் போதனா முறையை மாற்றிப் பயனில்லை. மூவர் வீட்டுக்குச் சென்று பேசவேண்டும், ஒருவனைக் கண் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். நோயை அறிந்தபின்பே மருந்து. மதிப்பிடுதலின் பிரயோஜனம் இதுவே.

பலனுக்குக் காரணம் எது?

பிள்ளைகள் முன்னேறினால் அது புதிய முறையினால்தான் என்று உடனே சொல்லிவிடலாகாது. நாள் செல்லச் செல்லப் பிள்ளைகள் எப்படியும் சிறிது முன்னேறுவர். கொரோனா நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபின், 2021-இல் தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று, இழந்த கல்வியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. முழுதும் திட்டத்தால் என்று சொல்வதும், திட்டம் வீண் என்று சொல்வதும் இரண்டும் பிழையாயிருந்திருக்கும். கிராமப் பள்ளியில் இத்தகைய ஆராய்ச்சி இயலாது. ஆயினும் சென்ற வருஷத்து மூன்றாம் வகுப்பு இதே மாதத்தில் எப்படி இருந்தது என்னும் குறிப்பு ஒன்றிருந்தால், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காகவேனும் வருஷந்தோறும் ஒரே மாதத்தில் ஒரே விதமான சோதனை நடத்திக் குறித்துவைத்தல் நலம்.

அச்சமின்மையும் கிராமத்தார் பொறுப்பும்

மதிப்பிடும்போது உபாத்தியாயர்க்குத் தண்டனை வரும் என்னும் அச்சம் உண்டானால் உண்மை மறைந்துவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளையைச் சோதனை நாளில் வீட்டிலிருக்கச் சொல்வதும், விடைகளை முன்னரே சொல்லிக்கொடுப்பதும் அச்சத்தின் விளைவுகளே. ‘இப்பிள்ளைகள் பின்தங்கியிருக்கின்றனர், என்ன செய்யலாம்?’ என்று தலைமை உபாத்தியாயர் மற்ற உபாத்தியாயர்களோடு உட்கார்ந்து கேட்டால் யோசனைகள் தோன்றும். ‘ஏன் பின்தங்க விட்டீர்?’ என்று மட்டும் கேட்டால் சமாதானங்களே தோன்றும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து, வேண்டிய துணைப் போதனை அளிப்பது உபாத்தியாயர் கடமை என்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. அதைச் செய்ய அவருக்கு நேரமும் துணையும் கொடுப்பது தலைமை உபாத்தியாயரின் கடமை.

அச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதி ஸ்திரீகளும் இருத்தல் வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு, குழாய்க்குத் தண்ணீர் என்பவற்றோடு இக்குழு நின்றுவிடலாகாது. ‘எத்தனை பிள்ளைகள் வாசிக்கின்றனர்? சென்ற பருவத்தில் எத்தனை பேர்? வாசிக்காதவர்களுக்கு அடுத்த இரண்டு மாதத்தில் என்ன செய்யப்போகிறோம்?’ என்னும் மூன்று கேள்விகளை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கலாம். பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் வாசித்து வெட்கப்படுத்துதல் வேண்டாம், எண்ணிக்கை போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பிள்ளையை வீட்டில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தட்டுத் தடுமாறி வாசிப்பதையும் சரளமாக வாசிப்பதையும் காது அறியும். அறுவடை நாட்களில் பிள்ளைகளை நிறுத்தாதிருப்பதும், இளையதைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் கிராமத்தார் கையிலுள்ளவை.

முடிவாக மூன்றே விஷயங்களை நினைவிற்கொள்ளல் நன்று. பார்க்க வேண்டியது பிள்ளை கற்றதையே. ஏட்டில் முடித்த பாடத்தை அன்று. பார்த்தபின் அடுத்த வாரத்துப் போதனையில் ஏதேனும் ஒன்று மாறவேண்டும். மாறாவிடில் பார்த்த உழைப்பு வீண். மாற்றியபின் மறுபடியும் பார்க்கவேண்டும். அதுவரை மாற்றம் நல்லதென்று சொல்வதற்கில்லை. எந்த ஊரில் தலைமை உபாத்தியாயரும் பெற்றோரும் பருவந்தோறும் இதைச் செய்துவருகிறார்களோ, அவ்வூர்ப் பிள்ளைகள் பெரியவர்களானபின் தம் கடன் பத்திரத்தைத் தாமே படித்து, வட்டியைத் தாமே கணக்கிட்டு, கையெழுத்திடுவர். அந்த ஊர் யாருக்கும் எளிதில் ஏமாறாது.